முதுகில் வெயில், எதிரே மழை: வானவில்லைத் தாவோ வழியில் பார்ப்பது எப்படி

2021 மே 24, திங்கட்கிழமை. ஊரடங்கு நேரம். அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அண்ணி கூழ்வடகம் பிழிந்துகொண்டிருந்தார். நான் காக்கை விரட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணி வாக்கில் அடுத்த வீட்டு மாடியில் பையன்கள் கூச்சல் போட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால், சூரியனைச் சுற்றி ஒரு பெரிய வளையம். உள்விளிம்பு செம்பழுப்பு, வெளியே போகப் போக வெளிறிய நீலம். வளையத்துக்கு உள்ளே இருந்த வானம் வெளியே இருந்ததைவிடக் கறுத்திருந்தது. அன்று பெங்களூரில் பாதிப் பேர் மாடியில்தான் நின்றிருப்பார்கள்.

நான் சட்டென்று விரலை நீட்டினேன். அண்ணி மாவு ஒட்டிய கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். "கைய நீட்டாதீங்க தம்பி. அதையெல்லாம் சுட்டிக் காட்டக் கூடாது."

அண்ணி பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவில். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள், குன்றுகளின் குகைகளுக்குள் சீனக் கோயில்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியை அவர் 'ஆ போ' என்று கூப்பிடுவாராம். வானவில்லைப் பார்த்து விரல் நீட்டினால் ஆ போ கையில் ஒன்று போடுவார், விரல் கோணிப்போகும் என்பார். ஐம்பது வருடம் கழித்தும் அண்ணிக்கு அது உடம்பில் இருக்கிறது.

எனக்கு வானவில்லோடு பழக்கம் வேறு வழியில். முப்பத்தொரு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவன் நான். லென்ஸ் ஓரத்தைச் சரித்துத் தேய்க்கும்போது, ஜன்னல் வெயில் அந்தச் சரிவில் பட்டு மேசைமேல் ஒரு சின்ன நிறக்கோடு விழும். ஒரு நாளைக்கு இருபது தடவை அதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஓர் அர்த்தம் இருக்கலாம் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அண்ணி கையை இறக்கிய பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தாவோ என்ற பழைய சீனச் சிந்தனை மரபின் நூல்களில் கிடைத்ததையும் பெங்களூரில் நானே நின்று பார்த்ததையும் சேர்த்து, இதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாவோ மரபில் வானவில் என்றால் நல்ல சகுனம் என்று பலரும் எழுதுகிறார்கள். பழைய சீனத்தை அப்படிச் சுருக்கிவிட முடியாது. மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய எலும்பு எழுத்துகளில் வானவில்லுக்கான குறி, இரண்டு பக்கமும் தலை உள்ள, வளைந்த ஒரு பிராணி. அது ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடித்தது என்றே ஓர் எலும்பில் பொறித்திருக்கிறார்கள். இன்றைக்கும் வானவில்லைக் குறிக்கும் 'ஹோங்' என்ற எழுத்தில் பூச்சி, பாம்பு வகைகளுக்கான குறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பில், கிழக்கே வில் தோன்றுகிறது, அதைச் சுட்ட யாருக்கும் துணிவில்லை என்று ஒரு பாட்டு உண்டு. ஆ போவின் அடி அவ்வளவு பழையது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் தொகுத்த, தாவோ சிந்தனை நிறைந்த ஹுவாய்நான்சு என்ற நூல், வானவில்லையும் வால்நட்சத்திரத்தையும் ஒரே வரியில் வைத்து வானத்தின் எச்சரிக்கை என்கிறது.

ஏன் இந்தப் பயம்? யின் என்பது நிழல், ஈரம், குளிர்ச்சி. யாங் என்பது வெயில், உலர்வு, சூடு. மழை யின், வெயில் யாங். இரண்டும் தத்தம் நேரத்தில் வந்துபோக வேண்டியவை. ஒரே நேரத்தில் கலந்தால் ஏதோ ஒழுங்கு தவறிவிட்டது என்று அரண்மனை சோதிடர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரிலும் வெயிலும் மழையும் சேர்ந்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்கிறோம், சேரக் கூடாத ஜோடி சேர்ந்துவிட்டது என்று. சொல்லிவிட்டு நாம் சிரிக்கிறோம், அவர்கள் பயந்தார்கள்.

ஆனால் தாவோ மரபின் மூலநூலான, லாவோட்சு எழுதியதாகச் சொல்லும் தாவோ தே ஜிங்கின் 42-ஆம் அத்தியாயத்தைப் படித்தால் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. எல்லா உயிரும் யின்னை முதுகில் சுமந்து யாங்கை மார்போடு அணைத்திருக்கிறது, இரண்டும் கலப்பதில்தான் இசைவு பிறக்கிறது என்று அது சொல்கிறது. கலப்பு என்பது அங்கே தப்பு கிடையாது, பிறப்பு. நான் வானவில்லை இந்த அத்தியாயத்தின் கண்ணால்தான் பார்க்கிறேன். நீங்களும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சோதிடர்களை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள்.

மாலை மழைக்குக் காத்திருப்பது

சீனப் பழைய நாட்காட்டி ஒரு வருடத்தை ஐந்தைந்து நாள் கொண்ட 72 துண்டுகளாகப் பிரிக்கிறது. அதில் ஏப்ரல் நடுவில் வரும் ஒரு துண்டுக்கு 'வானவில் தோன்றத் தொடங்கும்' என்று பெயர். நவம்பர் 22 வாக்கில் வருவது 'வானவில் ஒளிந்துகொள்ளும்'. இது அங்குள்ள பருவத்துக்குச் சொன்னது. இருந்தாலும் பெங்களூருக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. ஏப்ரலில் மாங்காய் மழை வந்ததும் இங்கே வில் வர ஆரம்பிக்கும். நவம்பர் கடைசியில் மழை ஓய்ந்ததும் நின்றுவிடும். நான் சுவர்க் காலண்டரில் ஏப்ரல் 15-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொள்வேன்.

சரி, எங்கே, எப்போது நிற்பது? சூரியன் 42 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அதை அளக்கக் கருவி வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளமாகிவிட்டால் நேரம் வந்துவிட்டது. மே மாதம் பெங்களூரில் அது சாயங்காலம் மூன்றரைக்கு மேல். ஆனால் நகரத்தில் வீடுகளும் அடுக்குமாடிகளும் அடிவானத்தை மறைத்துக்கொள்வதால், வில் நன்றாக மேலே எழும்பும் ஐந்தரை மணிக்கு மேல்தான் எனக்கு வாய்த்திருக்கிறது. சூரியன் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்கு வில் உயரும்.

முதுகை மேற்கே காட்டி நில்லுங்கள். உங்கள் தலையின் நிழல் எங்கே விழுகிறதோ அதுதான் வில்லின் மையம். கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் நடுவே சுமார் 20 டிகிரி. தலை நிழலிலிருந்து அப்படி இரண்டு சாண். அந்தத் தூரத்தில்தான் சிவப்பு இருக்கும், அதற்குச் சற்று உள்ளே ஊதா. இப்படி அளந்து வைத்துக்கொண்டால் வில் வருவதற்கு முன்பே அது வரப்போகும் இடத்தைப் பார்த்தபடி நிற்கலாம். அந்தக் காத்திருப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். கிழக்கே கறுத்த மேகம், பின்னால் வெயில் முதுகைச் சுடும், நடுவில் ஒன்றும் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அல்சூர் ஏரியின் மேற்குக் கரை இதற்கு நல்ல இடம், கிழக்கே தண்ணீர் மேல் தடையில்லாத வானம் கிடைக்கும். லால்பாக் பூங்காவில் உள்ள பாறை அதைவிட நல்லது. ஆனால் இடி மின்னல் இருக்கும்போது பாறை உச்சியில் ஏறாதீர்கள். மழை உங்களைக் கடந்துபோய்க் கிழக்கே நகர்ந்த பிறகு ஏறினால் போதும், வில்லும் அப்போதுதான் வரும்.

இந்தத் திசை விஷயத்தை 11-ஆம் நூற்றாண்டிலேயே ஷென் குவோ என்ற சீன அறிஞர் நேரில் சோதித்து எழுதி வைத்திருக்கிறார். வடக்கே தூது போனபோது, மழை விட்ட ஒரு மாலையில், வில்லின் இரண்டு முனையும் ஓர் ஓடையில் இறங்கியிருந்ததாம். அவரும் கூட வந்தவர்களும் ஓடையின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். மேற்கே நின்று கிழக்கே பார்த்தவர்களுக்கு மெல்லிய துணி விரித்ததுபோல வில் தெரிந்தது. கிழக்கே நின்று மேற்கே பார்த்தவர்களுக்கு வெயில் கண்ணைக் கூசியது, ஒன்றுமே தெரியவில்லை. மழைக்குள் விழுந்த சூரியனின் சாயல்தான் வானவில் என்று இன்னொருவர் சொன்னதையும் அவர் அங்கேயே எழுதியிருக்கிறார்.

வில் வந்துவிட்டது. இப்போது அவசரப்பட்டு போனை எடுக்காதீர்கள். முதல் வில்லுக்கு மேலே, 51 டிகிரியில், மங்கலாக இரண்டாவது வில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் நிறங்கள் தலைகீழாக இருக்கும், சிவப்பு உள்ளே, ஊதா வெளியே. துளிக்குள் ஒளி ஒரு தடவை பட்டுத் திரும்பினால் முதல் வில், இரண்டு தடவை பட்டுத் திரும்பினால் இரண்டாவது. சீன மரபில் பளிச்சென்ற முதல் வில் ஆண், அதன் பெயர் ஹோங். மங்கலான இரண்டாவது பெண், அதன் பெயர் நி. இரண்டையும் பார்க்காமல் வானவில் பார்த்தேன் என்று சொல்வது கல்யாணத்தில் மாப்பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு வருவதுபோல. இரண்டுக்கும் நடுவே வானம் கறுத்துக் கிடக்கும், அந்தப் பட்டையையும் கவனியுங்கள்.

அப்புறம், எங்கள் தொழில் சொல்லிக்கொடுத்த ஒன்று. போலராய்ட் கூலிங் கிளாஸ் இருந்தால் போட்டுக்கொண்டு வில்லின் உச்சியைப் பாருங்கள். உச்சி மங்கிவிடும். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணுக்கு முன்னால் கால்வட்டம் திருப்பிப் பிடித்தால் முன்னைவிடப் பளிச்சென்று திரும்பி வரும். வில்லின் ஒளி ஒரே வாக்கில் அதிர்வதால் இப்படி. கடையில் போலராய்ட் விற்கும்போது தரையின் பளபளப்பை மறைத்துக் காட்டுவோம், அதே சங்கதிதான். ஆனால் வானத்தில் அவ்வளவு பெரிய ஒன்று என் விரல் திருப்பலில் வந்து வந்து போனபோது எனக்குப் பேச்சு வரவில்லை. சுவாங்சு என்ற தாவோ ஞானியின் பெயரால் வழங்கும் நூலின் முதல் அத்தியாயத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: வானத்தின் நீலம் அதன் சொந்த நிறமா, அல்லது எல்லையில்லாத் தூரத்தால் அப்படித் தெரிகிறதா? இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலான கேள்வி. போலராய்ட் கண்ணாடியோடு நிற்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

நிறத்தை உற்றுப் பார்க்காதீர்கள், பார்வையை மெதுவாக நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒரே சிவப்பைக் கொஞ்ச நேரம் வெறித்தால் கண் சோர்ந்து சிவப்பு வெளுத்துவிடும். ஐந்து நிறங்கள் கண்ணைக் குருடாக்கும் என்று தாவோ தே ஜிங்கின் 12-ஆம் அத்தியாயம் சொல்வதை ஆசையைப் பற்றிய பேச்சாகத்தான் எல்லாரும் விளக்குகிறார்கள். கண்ணாடிக் கடைக்காரனுக்கு அது கண்ணைப் பற்றிய நேரடி உண்மையாகவும் படுகிறது.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் வில் போய்விடும். அதே நூலின் 23-ஆம் அத்தியாயம், சூறைக்காற்று ஒரு காலை முழுக்க வீசாது, கொட்டும் மழை ஒரு நாள் முழுக்கப் பெய்யாது, வானமும் பூமியுமே நீடிக்கச் செய்ய முடியாததை மனிதன் எப்படிச் செய்வான் என்று கேட்கிறது. வில் போன உடனே கிளம்பிவிடாதீர்கள். அது இருந்த இடத்தையே ஒரு டீ குடிக்கும் நேரம் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். சுவாங்சு மனத்துக்குப் பட்டினி என்று ஒன்றைச் சொல்கிறார், நினைப்பை ஊட்டாமல் மனத்தைக் காலியாக வைப்பது. அந்த இடத்தில்தான், வெற்று அறையில் வெளிச்சம் பிறக்கும் என்ற வரியும் வருகிறது. அண்ணி இதை என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். வில் மறைந்த பிறகு அவர் மூச்சு விடும் சத்தம்கூட எனக்குக் கேட்டதில்லை.

வாயில் தண்ணீர் வைத்து வில் செய்தவர்

மழைக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு தாவோ துறவியே வழி சொல்லியிருக்கிறார். 8-ஆம் நூற்றாண்டு, டாங் அரச காலம். பெயர் சாங் சுஹே. அரசவையில் வேலை பார்த்தவர், விட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். தூண்டில் போடுவாராம், முள்ளில் இரை வைக்க மாட்டாராம். மீன்மேல் அவருக்கு நாட்டமில்லை என்று டாங் வரலாற்று நூலே சொல்கிறது. அவர் எழுதி வைத்த வரி இது: வெயிலுக்கு முதுகு காட்டித் தண்ணீரை ஊதித் தெளித்தால் வானவில்லின் உரு உண்டாகும்.

எல்லாரும் விரல் நீட்டப் பயந்த ஒன்றை, இந்த மனிதர் தண்ணீரில் செய்து பார்த்திருக்கிறார். எனக்கு இந்த முழு விஷயத்தில் பிடித்த ஆள் இவர்தான். சகுனம் பார்க்கிறவன் வானம் தனக்கு என்ன சொல்கிறது என்று கேட்கிறான். சாங் சுஹே வானம் எப்படிச் செய்கிறது என்று பார்த்து, அதோடு சேர்ந்து அதையே செய்கிறார். இதைவிடத் தாவோவுக்கு நெருக்கமான பார்வை எனக்குத் தெரியவில்லை.

நம் மாடியில் செய்ய: காலையில் ஒன்பது மணிக்கு முன், அல்லது சாயங்காலம் நிழல் நீண்ட பிறகு. பின்னணி கறுப்பாக இருந்தால் நிறம் எழும்பும், எங்கள் மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிதான் பின்னணி. காலையில் தொட்டி உங்களுக்கு மேற்கே இருக்க வேண்டும், சாயங்காலம் கிழக்கே. ஹோஸ் பைப் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பூத்தூறலாக்குங்கள். இல்லாவிட்டால் துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிப்பார்களே, அந்த ஸ்பிரே பாட்டில் போதும். தலை நிழலைச் சுற்றித் தெளியுங்கள். உயரத்தில் நின்று கீழேயும் தெளித்தால் அரைவட்டம் முழுவட்டமாகும். 2024 கோடையில் தண்ணீருக்கு இந்த ஊர் பட்டபாட்டுக்குப் பிறகு நான் செம்பருத்திக்கும் துளசிக்கும் ஊற்றும் நேரத்தில்தான் இதைச் செய்கிறேன், ஒரு சொட்டும் வீணில்லை. வாயில் வைத்து ஊதியும் பார்த்தேன். வந்தது, ஒரு நொடிக்கும் குறைவாக. அந்த ஒரு நொடியில் ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆற்றங்கரையில் ஒருவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பேத்தி பக்கத்தில் நின்று, "தாத்தா, உங்க வில்லு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான். அவள் பார்ப்பது அவள் தலை நிழலைச் சுற்றி, நான் பார்ப்பது என் தலை நிழலைச் சுற்றி. ஒருவர் வில்லை இன்னொருவர் பார்க்க முடியாது. சொல்லப்போனால் என் வலக்கண்ணுக்கு ஒன்று, இடக்கண்ணுக்கு ஒன்று. சுட்டிக் காட்டினால் எதைச் சுட்டுவது?

சூரியனைச் சுற்றிய கோட்டை

மே 24 அன்று நாங்கள் பார்த்தது வானவில் கிடையாது. மிக உயரத்தில், மெல்லிய மேகத்தில் உள்ள ஆறு பட்டைப் பனித்துகள்கள் ஒளியை வளைப்பதால் 22 டிகிரியில் விழும் வளையம். எங்கள் பாட்டி ஊரில் நிலாவைச் சுற்றி வந்தால், நிலா கோட்டை கட்டியிருக்கு என்பார்கள். கிட்டக் கோட்டை கட்டினால் எட்ட மழை, எட்டக் கோட்டை கட்டினால் கிட்ட மழை என்று பாட்டி சொல்வார். கிட்டக் கட்டுவதும் எட்டக் கட்டுவதும் வேறு வேறு மேகங்கள் செய்கிற வேலை, நீர்த்துளி மேகம் சின்ன வட்டத்தையும் பனித்துகள் மேகம் பெரிய வட்டத்தையும் தருகிறது.

பார்க்கும்போது ஒரே விதி, சூரியன் கண்ணில் விழக் கூடாது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, தென்னை மட்டை, விளக்குக் கம்பம், எதையாவது வைத்துச் சூரியனை முழுக்க மறைத்துவிட்டு வளையத்தை மட்டும் பாருங்கள். கூலிங் கிளாஸ் காப்பாற்றாது. 2019 டிசம்பர் 26 கிரகணம் முடிந்த சில நாளில் ஓர் இளைஞர் கடைக்கு வந்தார். எக்ஸ்ரே ஃபிலிம் வைத்துப் பார்த்தாராம். பார்வையின் நட்டநடுவில் சாம்பல் நிறப் பொட்டு. நான் எந்த லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாலும் அந்தப் பொட்டு நகரவே இல்லை. கண் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஆகையால் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்கிறேன்: சூரியனை மறையுங்கள், பிறகு பாருங்கள்.

பழைய சீனத்தில் இதுபோன்ற வளையங்களுக்கும் பயந்தார்கள். சூரியனை ஊடுருவும் வெள்ளை வானவில் என்று ஒரு தொடர் உண்டு, அரசனுக்கு ஆபத்து, கொலை, போர் என்று அர்த்தம். அதை நான் அன்றாடம் மனதில் வைத்துக்கொள்வதில்லை. ஊரே வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த மே மாதத்தில், மாடிக்கு மாடி ஜனங்கள் தலைதூக்கி நின்றதுதான் எனக்கு அதன் அர்த்தம்.

ஐந்து நிற மேகம்

நல்ல சகுனம் என்று சீனர்கள் உண்மையிலேயே கொண்டாடியது இதைத்தான். மெல்லிய மேகத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் முத்துச்சிப்பியின் உட்பக்கம்போல ஓடும். லென்ஸின் ஏ.ஆர். கோட்டிங்கை, அதாவது ஒளி பட்டுத் திரும்பாமல் தடுக்கும் பூச்சை, சாய்த்துப் பார்த்தால் பச்சையும் ஊதாவும் மினுக்குமே, கிட்டத்தட்ட அந்தச் சாயல். பெங்களூரில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மத்தியானங்களில் பாருங்கள். பெரிய மேகம் கொதித்து எழும்பும்போது அதன் தலையில் மெல்லிய தொப்பி மாதிரி ஒரு படலம் நிற்கும். சூரியன் அந்த மேகத்துக்குப் பின்னாலோ கட்டிடத்துக்குப் பின்னாலோ இருக்கும்போது அந்தத் தொப்பியில் நிறம் ஓடும். இரண்டு மூன்று நிமிடம்தான்.

ஐந்து நிறம் என்றதும் நம் பஞ்சபூதத்தை நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய ஐந்து: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நிறங்கள் அதே வரிசையில் பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. திசைகள் கிழக்கு, தெற்கு, நடு, மேற்கு, வடக்கு. காற்றும் ஆகாயமும் அதில் இல்லை, கறுப்பும் வெள்ளையும் உண்டு. அதனால் வானவில்லின் ஏழு நிறத்தை இந்த ஐந்தோடு பொருத்தப் பார்க்காதீர்கள், பொருந்தாது. ஐந்து நிறம் என்றால் ஐந்து திசையும் நிறைந்தது, ஒன்றும் குறையாதது என்று பொருள்.

கிழக்கே விடியற்காலை மேகம் சிவக்கும்போது அந்தச் செந்நிறத்தை மூச்சோடு உள்ளே இழுப்பதாகப் பாவிக்கும் பயிற்சி தாவோ மரபில் இருக்கிறது. அங்குள்ள சித்தர்கள் செவ்வான மேகத்தை உண்டு பனியைப் பருகுவார்கள் என்பார்கள். நம் போகரும் சீனம் போய் வந்தவர் என்றுதானே சித்தர் மரபு சொல்கிறது. லாவோட்சுவின் கதையிலும் ஒரு நிறம் வருகிறது. கணவாய்க் காவலர் யின் ஷி, கிழக்கிலிருந்து ஊதா நிற ஆவி வருவதைப் பார்த்து, பெரியவர் யாரோ வருகிறார் என்று புரிந்துகொண்டாராம். பிறகுதான் எருதின்மேல் லாவோட்சு வந்தார், காவலர் கேட்டுக்கொண்டதற்காக ஐயாயிரம் எழுத்துகளில் நூலை எழுதிக் கொடுத்துவிட்டு மேற்கே போனார். பெங்களூரில் டிசம்பர் விடியலில் சூரியன் எழுவதற்குச் சற்று முன் மாடிக்குப் போனால் கிழக்கே அந்த ஊதாவைப் பார்க்கலாம். இதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டாம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருங்கள், ஏழெட்டு மூச்சு நிதானமாக விடுங்கள், போதும்.

உங்கள் நிழலின் தலையில் ஒரு வளையம்

கடைசியாக, கிடைப்பதற்கு மிகவும் அரிதானது. கீழே மூடுபனி அல்லது மேகம், பின்னால் தாழ்ந்த சூரியன், நடுவே மலை விளிம்பில் நீங்கள். உங்கள் நிழல் பனிமேல் விழும், அந்த நிழலின் தலையைச் சுற்றி மட்டும் சின்ன நிற வளையம் நிற்கும். சீனத்தில் ஏமெய் மலை, 3099 மீட்டர், இதற்குப் பேர்போனது. அங்கே இதைப் புத்தரின் ஒளி என்கிறார்கள். ஆக, பெயரும் அதைச் சுற்றிய வழிபாடும் பௌத்தத்துக்கு உரியவை. தாவோ பக்கமிருந்து இதற்கு ஒரு வாசகம் வேண்டுமானால் நான் 56-ஆம் அத்தியாயத்தை எடுப்பேன்: உன் கூர்மையை மழுங்கச் செய், உன் ஒளியைத் தணி, தூசியோடு தூசியாக இரு. பக்கத்தில் பத்துப் பேர் நின்றாலும் ஒவ்வொருவருக்கும் தன் தலையில்தான் வளையம் தெரியும், அடுத்தவர் தலை வெறும் நிழல். இதைப் பார்த்து எனக்கு மட்டும் அருள் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெளிந்துவிடும்.

பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் நந்தி மலை, 1478 மீட்டர். நவம்பர் முதல் ஜனவரி வரை, முந்தின நாள் மழை பெய்து இரவில் வானம் தெளிந்திருந்தால் காலையில் கீழே பனி தேங்கும். எல்லாரும் சூரியோதயம் பார்க்கக் கிழக்கே கூட்டமாக நிற்பார்கள். நீங்கள் சூரியன் வந்து இருபது நிமிடம் கழித்து மேற்குப் பக்க விளிம்புக்குப் போங்கள், கைப்பிடிக்கு இந்தப் பக்கமாகவே நில்லுங்கள். நான் முதல் தடவை போனபோது பனி தலைக்கு மேலே மூடியிருந்தது. இரண்டாவது தடவை பனியே இல்லை. மூன்றாவது தடவை ஒரு நிமிடம் கிடைத்தது. அந்த ஒரு நிமிடத்தில் என் நிழல் கையைத் தூக்கியது, நானும் தூக்கியிருந்தேன். சுவாங்சுவில் நிழலின் ஓரநிழல் நிழலைப் பார்த்து, ஏன் இப்படி எழுந்து எழுந்து உட்காருகிறாய், உனக்கென்று ஒரு நிலை இல்லையா என்று கேட்கும். நிழல், நான் வேறொன்றைச் சார்ந்திருக்கிறேனோ என்னவோ, அதுவும் இன்னொன்றைச் சார்ந்திருக்கிறதோ என்னவோ என்று பதில் சொல்லும். அதைப் படித்தபோது புரியாதது அங்கே நின்றபோது புரிந்தது.

மலை ஏற முடியாதவர்களுக்கு விமானம் இருக்கிறது. உண்மையில் இதுதான் எளிது. சூரியனுக்கு எதிர்ப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து, கீழே மேகத்தின்மேல் விமானத்தின் நிழல் விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சுற்றி வளையம் தெரியும். நிழல் பெரிதாகத் தெரிந்தால் வளையத்தின் மையம் எங்கே என்று பாருங்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைமேல்தான் அது இருக்கும்.

போன டிசம்பரில் அண்ணி தன் தங்கையைப் பார்க்க ஈப்போ போனார். சென்னை வரை நானும் கூடப் போனேன், காலை விமானம். எழுபத்திரண்டு வயதில் முழங்கால் வலியோடு நந்திக்கு அவர் வர முடிந்ததில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஏதோ ஓர் இடத்தில் என் கையை மெதுவாகத் தட்டினார். விரல் நீட்டவில்லை, முகவாயை மட்டும் லேசாக அசைத்தார். நான் குனிந்து அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். மேகத்தின்மேல் சின்னச் சிலுவை மாதிரி நிழல் ஓடிக்கொண்டிருந்தது, அதைச் சுற்றி இரண்டு வளையம்.

குளிர்கால மாதங்களில் பெங்களூரிலிருந்து சென்னைக்குக் காலை விமானத்தில் போவதானால் இடப்பக்கம், ஏ இருக்கை, இறக்கைக்கு முன்னாலோ நன்றாகப் பின்னாலோ. அன்று சாயங்காலமே திரும்புவதானால் வலப்பக்கம் உட்காருங்கள்.